கழுவாத முகங்கள்

மலாவியின் அந்தக் கிராமப் பள்ளியில் மற்ற நாள்களில் முகம் கழுவாமல் வந்தால் அடி விழும். பாடம் நடத்த வெளிநாட்டுத் தொண்டர்கள் வரும் நாளில் மட்டும் கழுவக் கூடாது. தலைமையாசிரியர் சிக்கோபா தண்ணீர்த் தொட்டியைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"மூக்கைத் துடைச்சு விடாதீங்க டீச்சர். பளிச்சுனு இருந்தா, இதுங்களுக்கு என்ன குறைச்சல்னு அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க."

"ஈ மொய்க்குது சார்."

"மொய்க்கட்டும். போட்டோவுல நல்லா விழும்."

ஆசிரியை டவோங்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். இந்த ஆளிடம் பேசிப் புண்ணியமில்லை. முன்வரிசையில் நின்ற சிறுமி லுசுங்குவை இழுத்து, தன் குடிதண்ணீரில் துணியை நனைத்து, மூக்கையும் கன்னத்தையும் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

தொண்டர்களின் வேன் ஹாரன் கேட்டது. லுசுங்கு சட்டென்று குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளிக் கன்னத்தில் அப்பிக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"போன தடவையும் நீங்க இப்படித்தான் துடைச்சு விட்டீங்க டீச்சர். வேன்ல வந்தவங்க என்னை மட்டும் யாருமே தூக்கல."

சொல்லிவிட்டு, வேனைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.