இரண்டாவது குரலுக்கு மூன்றரைப் புள்ளி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் தங்கையும் பாட்டுகளுக்கு மதிப்பெண் போடுவோம். ஆறு வருடமாக ஒரு வாரமும் விட்டதில்லை. அவளுக்குத் தேர்வு இருந்தாலும், எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் பட்டியல் உண்டு. புதிதாக வந்த பாட்டுகளையும் போன வாரப் பட்டியலில் இருந்தவற்றையும் கலைத்துப் போட்டு, கைப்பேசித் திரையை மறைத்துக்கொண்டு அவள் ஒலிக்க விடுவாள். இருவரும் தனித்தனித் தாளில் பத்துக்கு எத்தனை என்று எழுதுவோம். சராசரி எடுத்து முதல் இருபது பாட்டை என் இணையப் பக்கத்தில் போடுவேன். முதலிடத்துக்கு இருபது புள்ளி, இருபதாமிடத்துக்கு ஒன்று. வருடக் கடைசியில் எந்தப் பாடகருக்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்போம்.

அந்தப் பக்கத்துக்கு வாசகர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி தங்கை.

சிக்கல் எப்போதும் கூட்டுப் பாட்டுகளில்தான். ஆரம்பத்தில், முதலில் போட்டிருக்கும் பெயருக்கே எல்லாப் புள்ளியையும் கொடுத்தேன். மூன்றாவது வருடம் கணக்கைப் பார்த்தபோது, ஒரு பாடகி நாற்பத்தோரு வாரம் பட்டியலில் இருந்தும் அவர் பெயருக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. எல்லாமே இன்னொருவர் பாட்டில் இரண்டாவது குரல். அன்று விதியை மாற்றினேன். புள்ளியைச் சமமாகப் பிரிக்க வேண்டும். பாடிய எல்லோருடைய பெயரும் தெரிய வேண்டும். ஒரு குரலுக்குப் பெயர் இல்லையென்றால், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடமில்லை.

"உன் பட்டியலுக்குள்ள போறதுக்கு பாஸ்போர்ட் எடுக்கறதே சுலபம்" என்பாள் தங்கை.

நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேதியியல் பக்கம் வேலை பார்க்கிறேன். கிருமிகளைப் பார்க்கும் பக்கத்தில் என்னைவிட மூன்று வயது மூத்தவர் ஒருவர். மைக்ரோபயாலஜி என்பதால் எல்லோருக்கும் அவர் மைக்ரோ. எனக்கு மைக்ரோ அக்கா. ஒருநாள் கணினியில் பட்டியலை மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"ஏய் ஊமைக்கோட்டான், இதெல்லாம் நீயா பண்ற?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒண்ணு கவனிச்சியா? ஒவ்வொரு வருஷமும் உன்னோட முதல் பாட்டு ரெண்டு பேர் சேர்ந்து பாடினதுதான்."

நான் கவனித்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுபவள், அதை மட்டும் பார்க்கவில்லை.

அவர் வீட்டில் கிடார் வாசிப்பார், சொந்தமாகப் பாட்டு எழுதுவார் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு பாட்டுக்கு இரண்டாவது குரல் தேடிக்கொண்டிருந்தாராம்.

"நீ பாடேன். டைட்ரேஷன் பண்ணும்போது முனகறியே, கேட்டிருக்கேன்."

கல்லூரிக் குழுப்பாட்டில் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தவள் நான். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது. பிறகு ஒரு மாதம் என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

"சரி. ஆனா என் பேர் வேண்டாம்" என்றேன்.

தராசு அறையில் பதிவு செய்தோம். காற்று புகக் கூடாது, அதிரக் கூடாது என்று கட்டிய அறை. கட்டடத்திலேயே சத்தமில்லாத இடம் அதுதான். மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, கல்மேடைமேல் அவருடைய கைப்பேசியை ஒரு பீக்கரில் சாய்த்து நிறுத்தினோம். நான் மூச்சு விட்டதற்கே தராசில் நான்காவது தசமம் ஆடியது.

"அதைப் பாக்காத, என்னைப் பாரு" என்றார்.

ஏழாவது தடவை சரியாக வந்தது. வெளியே மேற்பார்வையாளர் நின்றிருந்தார். "உள்ள என்ன, ரேடியோவா?"

"ஆமா சார், புது மாடல்" என்றார் மைக்ரோ அக்கா, சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை பாட்டை இணையத்தில் ஏற்றினார். அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் 'ஒரு தோழி' என்று இருந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. என் பக்கத்தில் வாசகர்கள் பாட்டுப் பரிந்துரைக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஆறு வருடத்தில் அதில் வந்தவை நான்கு. ஐந்தாவது அவருடையது. கீழே ஒரு வரி: 'சலுகை வேண்டாம். தேறலைன்னா தூக்கிடு.'

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவதாக அந்தப் பாட்டு ஒலித்தது. வீட்டுக்குள் என் குரல் கேட்டதும் காது சூடானது. தங்கை கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு ஏதோ எழுதினாள். நான் எழுதவில்லை.

தாள்களைச் சேர்க்கும்போது பிடித்துவிட்டாள்.

"ஒன்பதாவது ஏன் காலியா இருக்கு?"

"அது ஆட்டத்துல இல்லை. ரெண்டாவது குரலுக்குப் பேர் போடலை."

"ஐயோ, ஆரம்பிச்சிட்டா! உன் ஆபீஸ் அக்கா பாட்டுதானே? கேட்டா சொல்லப் போறாங்க."

"விதின்னா விதிதான்."

"போன வருஷம் அந்த ஹம்மிங் யாருன்னு மூணு வாரம் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எழுதிக் கண்டுபிடிச்ச. இதுக்கு ஒரு போன் பண்ண முடியாதா? பாவம்க்கா அந்தப் பொண்ணு. பயந்து பயந்து ஆரம்பிச்சு, ரெண்டாவது சரணத்துல எப்படி நிமிர்ந்து வருது! பேரில்லைன்னு நீ தூக்கிப் போட்டா அவளுக்கு எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக அந்த 'ஒரு தோழி'யை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் கேட்டு வாங்கியதுதான் அது. ஆனால் பார்க்கப் பார்க்க, யாரோ என் இடத்தில் ஏறி உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

நான் யாருக்கும் போன் செய்பவள் இல்லை, செய்தி அனுப்புவதோடு சரி. அன்று போன் செய்தேன்.

"அக்கா, அந்தப் பாட்டுல... தோழிங்கறதை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க."

"என்னது? சத்தமா சொல்லு, இங்க மிக்ஸி ஓடுது."

"என் பேரைப் போடுங்க!"

"அப்படிக் கேளு! முழுப் பேரா, சுருக்கமாவா?"

முழுப் பெயரையும் சொன்னேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்டடி உன் பேரைக் கத்திச் சொல்லிட்டிருக்க? பேங்க்கா?"

"இல்லம்மா. பாட்டுக்கு. நான் பாடின பாட்டுக்கு."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். தங்கை தன் தாளை இழுத்துக்கொண்டாள்.

"நீயா? ஐயையோ, மார்க் போட்டுட்டேனே! இரு, மாத்தறேன்."

"தொடாத. தெரியாம போட்டதுதான் மார்க். இந்தப் பாட்டுக்கு எனக்கு ஓட்டு கிடையாது, உன்னோடது மட்டும்தான் கணக்கு. காட்டு."

ஆறரை. வரிசைப்படுத்திப் பார்த்ததில் பதினான்காம் இடம்.

"பதினாலா?" என்று என்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. "நிமிர்ந்து வருதுன்னு சொன்ன!"

"நிமிருதுதான். அதுக்கு முன்னாடி ஒண்ணரை நிமிஷம் குனிஞ்சுக்கிட்டுல்ல இருக்கு!"

ஏழு புள்ளி. ஆளுக்கு மூன்றரை. அட்டவணையின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்து என் பெயரை அடித்தேன். பட்டியல் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மைக்ரோ அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'பதினாலா? உன் தங்கச்சியை நான் கவனிச்சுக்கறேன். அடுத்த பாட்டு அனுப்பறேன். அதுல நீதான் முதல்ல ஆரம்பிக்கணும்.'

'சரி' என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் பயம் வந்தது.

அம்மா இன்னும் போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"எங்கே, போடு. கேப்போம்."

தங்கை போட்டாள். நான் எழுந்து போகவில்லை.