பொதுவாகக் கேட்டால் சொல்லலாம்

கிளென்மோர் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் தர்மராஜுக்கு ஒரு தங்கை மகள் இருந்தாள். பெயர் ஷாமினி. கோலாலம்பூரில், மத்திய வங்கியில் வேலை. பொதுமக்கள் போனில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் அவள் வேலை. ஆனால் தர்மராஜ் சொல்லிக் கேட்டால், நாட்டுக்கு இன்றைக்கு எவ்வளவு பணம் அச்சடிக்கலாம் என்று காலையில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மெஷினை ஓட்டுகிறார்கள் என்று தோன்றும்.

"நம்ம மருமவ பெரிய பேங்க்ல ஆபிசர்லா. எது வேணும்னாலும் என்கிட்ட சொல்லு" என்பார்.

தோட்டத்து ஜனங்களும் சொன்னார்கள். தீபாவளிக்குப் புது நோட்டு கிடைக்குமா என்று ஒருவர். கறையான் அரித்த நோட்டை மாற்றித் தருவார்களா என்று இன்னொருவர். கார் கடன் கட்டாமல் பெயர் கெட்டுப்போயிருக்கிறது, அதைக் கொஞ்சம் அழித்துவிட முடியுமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். தர்மராஜ் எல்லாருக்கும் தலையாட்டுவார். அவர் லாரி வைத்து எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் கொந்திராக்டர். அந்தத் தலையாட்டலிலேயே பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை ஷாமினி வீட்டுக்கு வந்ததும் இத்தனையும் அவள் முன்னால் கொட்டப்படும்.

"அரிச்ச நோட்ட பக்கத்து பேங்க்ல கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்க மாமா. பிளாக்லிஸ்ட்னு எங்ககிட்ட ஒன்னும் கிடையாது. கடன் விவரம் மட்டும்தான் இருக்கும். லோன் குடுக்கிறதும் குடுக்காததும் அந்தந்த பேங்கோட முடிவு. எல்லாம் வெப்சைட்லயே போட்டிருக்கு."

"வெப்சைட்ட பாருன்னு சொல்றதுக்கா உன்னை ஏசி போட்டு உக்கார வச்சிருக்காங்க?"

மறுநாள் கார் கடனில் பெயர் கெட்டவரிடம், "கேசு மேலிடத்துக்குப் போயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒருமுறை ஷாமினி அவளாகவே ஒன்று சொன்னாள். பெரிய பேங்க் யாருக்கும் போன் செய்து கணக்கைப் பற்றிப் பேசாது, பணத்தை மாற்றச் சொல்லாது, அப்படி யாராவது பேசினால் வைத்துவிடுங்கள் என்றாள். தர்மராஜ் யோசித்துப் பார்த்தார்.

"சாதாரண ஆளுங்களுக்குப் பண்ண மாட்டாங்க. அது சரிதான்" என்றார்.

அதனால்தான், லுக்குட் டவுன் பட்டறையில் லாரிக்கு டயர் மாற்றக் காத்திருந்த ஒரு காலையில், போனில் ஒரு கனத்த குரல் "துவான் தர்மராஜ்?" என்று மலாயில் கேட்டபோது, அவர் முதுகு தானாகவே நிமிர்ந்தது. அறுபது வயதில் பாஸ், அங்கிள், தலைவர் என்று பலரும் கூப்பிட்டிருக்கிறார்கள். துவான், அதாவது ஐயா, என்று கூப்பிட்டது இந்த ஆள்தான். மத்திய வங்கியின் துணை இயக்குநராம். துவானின் கணக்கைக் கள்ளப்பணக் கும்பல் ஒன்று குறிவைத்திருக்கிறதாம். மற்றவர்கள் என்றால் நேராகப் போலீஸ்தானாம். துவான் சமூகத்தில் மரியாதைப்பட்டவர் என்பதால் அவரே பேசுகிறாராம். விசாரணை முடியும்வரை பணம் வங்கியின் பாதுகாப்புக் கணக்கில் இருக்கட்டுமாம்.

"என்னைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தர்மராஜ் கூச்சத்தோடு கேட்டார்.

"உங்களைத் தெரியாதவர்கள் உண்டா துவான்?"

அந்தப் பதிலில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கணக்கில் இருந்ததை அப்படியே போனிலேயே அனுப்பிவைத்தார். அதில் கோயில் திருவிழாப் பணமும் இருந்தது. கோயில் பெயரில் கணக்கு ஒன்று உண்டு. ஆனால் அதில் பணம் எடுக்கச் செயலாளர் முருகையாவும் கையெழுத்துப் போட வேண்டும். முருகையா கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்வி கேட்கிற ஆள். அந்தத் தொல்லை எதற்கு என்று நன்கொடையையெல்லாம் தர்மராஜ் தன் கணக்கிலேயே வாங்கிப் போட்டிருந்தார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான்.

அன்று பட்டறைக்காரனுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். மனைவி பஞ்சாலை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"பெரிய பேங்க்லேருந்து எனக்கே போன் வந்துச்சு" என்றார்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் பஞ்சாலை, "ஷாமினிகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"அவ கீழ்மட்டம். இது மேலேருந்து வந்தது."

"மேல இருக்கிறவரு எதுக்கு வாட்சாப்ல கணக்கு நம்பர் அனுப்புறாரு?"

தர்மராஜ் கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு துணை இயக்குநரைக் கூப்பிட்டார். நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையான மத்திய வங்கியின் நம்பரைத் தேடிக் கூப்பிட்டார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது அவரை அலையவிட்டுக் கடைசியில் ஒரு மலாய்ப் பெண்ணிடம் கொண்டுபோய் விட்டது. லாரிக்கும் போலீசுக்கும் போதுமான மலாய் அவரிடம் இருந்தது. வெட்கத்துக்குப் போதுமான மலாய் இல்லை.

"தமிழ் போலே?" என்றார், தமிழில் பேசலாமா என்று. கொஞ்சம் பாட்டு ஓடியது.

"வணக்கம், பொதுமக்கள் தொடர்புப் பிரிவு. ஷாமினி பேசுகிறேன். எப்படி உதவலாம்?"

தர்மராஜ் போனை வைத்துவிடத்தான் நினைத்தார். பயம் விடவில்லை. தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தொண்டையை இறுக்கி, "ஒரு விவரம் கேக்கணும்" என்றார்.

"உங்க பேரு சார்?"

தனக்கு ஆகாத காரியம் எதற்கும் வழக்கமாக அவர் வாயில் வருகிற பெயர்தான் வந்தது. "முருகையா."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"சொல்லுங்க முருகையா சார்."

கூட்டாளி ஒருவருக்கு நடந்ததாக ஆரம்பித்து, பாதியில் கூட்டாளியை மறந்து, நான் அனுப்பிட்டேன் என்று முடித்தார்.

"இப்பத்தான் அனுப்பியிருக்கீங்க, இன்னும் நேரம் இருக்கு சார். மோசடிக்குன்னு தனி ஹாட்லைன் இருக்கு, நம்பர் சொல்றேன். ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம அங்க கூப்பிடுங்க. பணம் போன கணக்க அவங்க முடக்கப் பார்ப்பாங்க."

"உங்க மேலிடத்துல ஒரு வார்த்தை சொன்னா நிறுத்த மாட்டாங்களா?"

"மேலிடமும் இதே நம்பரைத்தான் குடுக்கும் சார்."

"அங்க பேரு சொல்லணுமா?"

"சொந்தப் பேரும் அடையாள அட்டை நம்பரும் சொல்லணும். சில பேரு வெட்கப்பட்டு வேற பேரு சொல்லிடுறாங்க. அப்படிச் சொன்னா பணத்த நிறுத்த முடியாது சார்." அவள் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லம்மா."

உடனே ஒரு மெஷின் குரல் வந்து, இந்தச் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. தர்மராஜ் இரண்டு கொடுத்தார்.

பிறகு கோழிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் விஷயம் வெளியே போகுமா, போனால் முருகையா என்ன சொல்வான், அவன் பெண்டாட்டி யாரிடமெல்லாம் சொல்வாள் என்று எல்லாவற்றையும் ஆற அமர யோசித்தார். பஞ்சாலை வந்து போனை அவர் கையில் திணித்து, "நீங்க பேசுங்க, இல்லாட்டி நான் பேசுறேன்" என்ற பிறகுதான் ஹாட்லைனைக் கூப்பிட்டார். அதற்குள் பாதிப் பணம் வேறு கைக்குப் போய்விட்டது. மீதி யாரோ ஒருவன் கணக்கில் முடங்கிக் கிடப்பதாகவும், திரும்பிவர மாதங்கள் ஆகலாம் என்றும் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். முருகையா எழுந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வார்டில் நோயாளிகளை விசாரித்து விசாரித்துப் பழகிய குரல்.

"ராசா டவுன்லேருந்து மேளக்காரங்க முன்பணம் கேக்குறாங்க. கோயில் காசு எங்க இருக்கு?"

தர்மராஜ் இதற்குத் தயாராகவே வந்திருந்தார். "கோயில் காசு இப்ப பெரிய பேங்க் கண்ட்ரோல்ல இருக்கு. நானே போன்ல பேசிட்டேன்."

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். கடன் கேசு மேலிடத்துக்குப் போயிருக்கிறவர் பலமாகவே தட்டினார். யாரோ ஒருவர், ஷாமினி இங்கேதான் இருக்கிறாள், அவளையே கேட்டுவிடலாம் என்றார். அம்மாவோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"தனிப்பட்ட ஒருத்தரோட விவரத்த நாங்க வெளியில சொல்ல முடியாதுங்க அங்கிள்."

தர்மராஜுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மத்திய வங்கியின் பதில் ஒன்று பிடித்திருந்தது. "பாத்தீங்களா? அவ்ளோ ரகசியம்" என்றார்.

"பொதுவாக் கேட்டா சொல்லலாம்" என்றாள் ஷாமினி.

முருகையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பொதுவாவே கேக்குறேன்மா. கோயில் காச பெரிய பேங்க் வாங்கி வச்சுக்குமா?"

"வச்சுக்காதுங்க. பொதுமக்களுக்கு நாங்க கணக்கு தொறக்கிறதில்ல."

"பாதுகாப்புக் கணக்குன்னு ஏதாச்சும்?"

"அப்படி ஒன்னு கிடையாது. அப்படிச் சொல்றவங்க ஏமாத்துறவங்க."

"பொதுவா, கோயில் காசு யார் பேர்ல இருக்கணும்?"

"கோயில் பேர்லதாங்க."

"சரி. யாராச்சும் ஏமாந்துட்டா அவங்க என்ன செய்யணும்?"

ஷாமினி அப்போதுதான் மாமாவைப் பார்த்தாள். "போலீஸ் ரிப்போர்ட் செய்யணும். அப்புறம், அது யாரோட காசோ அவங்ககிட்ட சொல்லணும்."

எல்லாரும் தர்மராஜையே பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாதி பிடிச்சிட்டாங்க" என்றார். தான் மட்டும் போன் செய்திருக்காவிட்டால் அந்தப் பாதியும் போயிருக்கும் என்பதை இவர்களுக்கு யார் புரியவைப்பது என்று உள்ளுக்குள் வருத்தமாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஷாமினியை மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் பக்கம் ஒதுக்கிக் கூப்பிட்டார்.

"உங்க ஆபிசுக்கு வர்ற போனெல்லாம் ரெக்கார்ட் ஆவுமா?"

"ஆகும் மாமா."

"அதுல பேரு?"

"சொன்ன பேருதான் இருக்கும்."

தர்மராஜ் அந்த வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டார். ஷாமினி சிரிக்கவில்லை. வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "அத்தைய இனிமே முன்னாடியே கேளுங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு லாரியை விற்றுக் கோயில் பணத்தை முழுவதுமாகக் கட்டினார். தலைவர் பதவி முருகையாவுக்குப் போனது. ஆனால் தர்மராஜ் படம் போட்ட திருவிழா நோட்டீஸ் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டதால், படத்தின் கீழே ஆலோசகர் என்று ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி விநியோகித்தார்கள். ராசா மேளக்காரர்கள் வந்தார்கள். தேர் நன்றாகவே ஓடியது.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில், ரஹாங்கில் ஒரு சங்கத்தார் மோசடி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி அவரைப் பேச அழைத்தார்கள். பெரிய பேங்கோடு தொடர்புள்ளவர் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். தர்மராஜ் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். மாலை போட்டார்கள். ஒரு மணி நேரம் பேசினார். பெரிய பேங்க் யாருக்கும் போன் செய்யாது என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். படித்தவர்கள்கூட எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். தன் தோட்டத்திலேயே ஓர் ஆள் இப்படி மாட்டிக்கொண்டதை அவர் விவரித்தபோது சபையில் எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பஞ்சாலை எழுந்து, பேச்சு முடிவதற்கு முன்பே சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டாள்.