எட்டு மணி அளவு

பதினொரு வருஷமாக அந்த அணைக்கட்டில் மதகு திறந்து மூடுகிறவள் நான். மலையில் பனி உருகி வரும் ஆறு அது. காலை எட்டு மணிக்கு அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் அலுவலகம் அன்றைக்கு எந்தக் கால்வாய்க்கு எத்தனை மணி நேரம் என்று பங்கு போடும்.

கால்வாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் என் தங்கை பயிர் வைத்திருக்கிறாள். அங்கே தண்ணீர் விடும் முறை மதியம் ஒரு மணிக்கு.

“அக்கா, மத்தியானமானா தண்ணி கொறஞ்சிடுது” என்று வருஷா வருஷம் புலம்புவாள்.

“நாலடி ஓடுதுடி, நோட்டுல இருக்கு. உங்க ஆளுங்கள்லயே எவனோ நடுவுல திருடுறான். அவனைப் போய்ப் பிடி, என் உயிர வாங்காத” என்பேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

இந்த வருஷம் அலுவலகப் பொறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். தங்கையின் கால்வாய் முடியும் இடத்தில் நட்டிருக்கும் கடைசிக் கல்லைத் தண்ணீர் தொடாவிட்டால் அந்தக் கால்வாயையே மூடிவிடுவார்கள். மூடினால் தங்கையும் இன்னும் பதினொரு குடும்பங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மதகின் பல்சக்கரம் சிக்கிக்கொண்டது. “இதோ வந்துட்டேன்” என்ற மெக்கானிக்கை ஆளையே காணோம். அவரைத் திட்டிக்கொண்டே அளவுகோலுக்கு எதிரில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு நாலடி. பன்னிரண்டுக்கு மூன்றடி. இரண்டு மணிக்கு இரண்டே அடி! மதகு அசையவில்லை, ஒருத்தரும் திருடவில்லை, தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

தூக்கிவாரிப்போட்டது. மலை மேலே இருக்கும் அளவுக்காரருக்கு போன் போட்டேன்.

“அங்க எப்பங்க ஆறு ஏறுது?”

“வெயில் ஏறினாத்தானே பனி உருகும்? மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான். இதுகூடத் தெரியாதா?”

அங்கிருந்து இங்கே வர பதினாறு மணி நேரம். அப்படியென்றால் விடியும்போதுதான் வந்து சேரும், காலை முழுக்க நிறைந்து ஓடும், பிறகு வடிந்துவிடும். நான் நிறைந்திருப்பதை மட்டும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன், பதினொரு வருஷமாக!

இரண்டு நாள் மணிக்கொரு தரம் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். பொறியாளர் சிரித்தார்.

“என்னம்மா, ஆத்துக்கு வாட்ச் கட்டிவிட்டிருக்கீங்களா?”

“அது கட்டித்தான் சார் இருக்கு, நாமதான் பாக்கல. நாளைக்கு ஒரு நாள் கடைமடைக்குக் காலைல ஆறு மணிக்குக் குடுங்க. பக்கத்துலயே இருக்கற தலைமடைக்கு மத்தியானத் தண்ணியே தாராளம். வரலேன்னா கால்வாய மூடுங்க, என்னையும் வீட்டுக்கு அனுப்புங்க!”

வாய் விட்டுவிட்டேன். இனி பின்வாங்க முடியாது.

மெக்கானிக் ஒருவழியாக வந்து மதகைச் சரிசெய்திருந்தார்; வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திறந்தேன். பொறியாளரும் தங்கையும் கடைசிக் கல்லில் காத்திருந்தார்கள். எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, போனைக் காணோம். ஒன்பதே முக்காலுக்கு போன் அடித்தது.

“அக்கா! வருதுக்கா! குப்பையெல்லாம் தள்ளிக்கிட்டு வருது! ஐயோ, கல்லத் தாண்டிருச்சு! சார் செருப்பக் கையில தூக்கிட்டு ஓடுறாரு!”

நான் மதகு மேடையில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். போனில் தங்கைக்குப் பின்னாலிருந்து பொறியாளரின் குரல் கேட்டது: “மூடலம்மா! இனிமே இதே நேரந்தான்!”

பிறகு தங்கையின் குரல், மெதுவாக.

“மத்தியானம் கொறையுதுன்னு எத்தனை வருஷமாச் சொன்னேன்? எங்க ஆளுங்களத் திருடன்னியே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “தப்பு என்னோடதுதான்டி” என்றேன்.

அவள் எல்லாரையும் பக்கத்தில் கூப்பிடுவது கேட்டது.

“இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். பன்னிரண்டு குடும்பத்துக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னேன்.