தலைவர் நாற்காலி

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை வேல்விழி துடைத்துக்கொண்டிருந்தபோது, பந்தலுக்குள் மறுபடியும் அந்தப் பேச்சு கேட்டது.

"மனசத் தேத்திக்கோங்க தலைவரே."

பட்டாசுக் கம்பெனி முதலாளி இராமகிருஷ்ணன் மாலையைப் பெட்டிமேல் வைத்த கையோடு நேரே வேல்விழியின் மச்சான் முனியராஜிடம் போயிருந்தார். மச்சான் சாய்ந்திருந்த சுழல் நாற்காலி ஊராட்சி ஆபீசுடையது. துக்கத்துக்கு வருகிறவர்கள் அடையாளம் தெரியாமல் தவித்துவிடுவார்களாம். அதனால் காலையிலேயே ஆள் விட்டு எடுத்துவரச் செய்திருந்தார். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு வேறு.

வேல்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் இவரா? தலைவர் பெட்டிக்குள் அல்லவா படுத்திருக்கிறாள்.

வேல்விழியின் அக்கா அழகுமீனா கபடியிலும் வாலிபாலிலும் மாவட்டத்துக்காக ஆடியவள். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனபோது ஊர் ஓட்டுப் போட்டது அந்த ஆட்டக்காரிக்குத்தான். பதவியேற்ற மறுநாளே மச்சான் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர். அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்து. ஏழு பேர் நிற்கிற கட்டத்துக்குள் ஒற்றையாய்ப் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வந்தவள், புருஷனைப் பார்த்து எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், "விடுடி, அவுக ஆசப்படுறாக" என்பாள். போன வாரம் தலைவலி என்று படுத்தவளை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல்தான் கொண்டுவந்தார்கள்.

"எடுக்க நேரமாச்சு. உக்கார வச்சுக் குளிப்பாட்டணும், ஒரு சேரு கொண்டாங்க," என்றாள் சுப்புத்தாய். அக்காவோடு ஒரே டீமில் ஆடியவள். அவளும் மற்ற ஆட்டக்காரிகளும் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். நகக்கண்களில் பட்டாசு மருந்து இன்னும் போகவில்லை.

யாரோ ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேல்விழி அதை வாங்காமல் நேரே பந்தலுக்குப் போனாள்.

"எந்திரிங்க மச்சான்."

"என்னத்தா?"

"அக்காவக் குளிப்பாட்டணும். இந்தச் சேரு வேணும்."

அவர் இராமகிருஷ்ணனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "அங்கன அம்புட்டுச் சேரு கெடக்கே."

"அதுலதான் இம்புட்டு நாளா உக்காந்திருந்தா. போதும்."

"இது கவர்மெண்டுச் சேருத்தா. நனையக் கூடாது."

"கவர்மெண்டு அக்காவுக்குத்தான குடுத்துச்சு?"

சுப்புத்தாய் வேகமாக வந்து அவள் காதோரம், "யோசிச்சுக்கோடி. குளிப்பாட்டுன சேருல அப்புறம் ஒருத்தரும் உக்கார மாட்டாக," என்றாள்.

"உக்கார வேணாம்."

சுப்புத்தாய் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மற்ற ஆட்டக்காரிகளும் வந்து, கட்டத்துக்குள் வந்தவனை மடக்குகிற மாதிரி, கைகோத்து நின்றார்கள். இராமகிருஷ்ணன் செல்போனை எடுத்துக் காதில் வைத்தபடி நழுவினார். மச்சான் எழுந்தார்.

சேலைகளைச் சுற்றிப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். நாற்காலி உருளாமலிருக்கச் சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து, அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். விறைத்திருந்த கைகளைச் சுப்புத்தாய் மெல்ல நீவி நாற்காலியின் இரண்டு கைகள்மேலும் வைத்தாள். வேல்விழி தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, குடம் குடமாக ஊற்றினாள். வெள்ளைத் துண்டும் நனைந்தது. அதுவரை அழாதவள், "நல்லா சாஞ்சு உக்காருக்கா," என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பந்தல்காரர்கள் பிளாஸ்டிக் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுழல் நாற்காலி மட்டும் முற்றத்தில் அப்படியே கிடந்தது. அதைத் தொட ஆளில்லை. மச்சான் ஈர வேட்டியோடு அதன் எதிரே வந்து நின்றார். வேல்விழி வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தையின் பஞ்சிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.