மக்ரோனிக்குள் சாளைக் கறி

வசீகரன் இத்தாலிக்குப் போகிற செய்தி அபுதாபி முசஃபாவில் தெரியாதவர் இல்லை. அவன் வேலை செய்யும் கடைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வரும் பட்டாணியருக்குக்கூடத் தெரியும். விசா மறுக்கப்பட்ட செய்தி மட்டும் அவனையும் மனைவி கஜந்தினியையும் தாண்டவில்லை. லீவை ரத்துச் செய்தால் மானம் போய்விடும் என்று, எல்லை தாண்டி ஓமானின் சோஹாருக்குக் காரை விட்டான். அங்கே கடலோரத்தில் இத்தாலியப் பெயரோடு ஒரு ஹோட்டல். கோடையில் பாதி விலை. நாலு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

"உங்கட பொய்க்கு என்னை ஏன் இழுக்கிறியள்?" என்று எல்லையில் கேட்ட கஜந்தினி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை வெயில். ஹோட்டலில் ஈ காக்கை இல்லை. யஹ்யா என்ற ஓமானி இளைஞன் பைபிள் கனத்தில் ஒரு மெனுவைக் கொண்டுவந்து பணிவோடு வைத்தான். வசீகரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாயில் நுழையாத பெயர்களாகப் பார்த்து ஆர்டர் செய்தான். ஒவ்வொன்றுக்கும் யஹ்யா அதே பணிவோடு, "மாஃபி, பாய்" என்றான், இல்லை என்று. செஃப் ஊருக்குப் போய்விட்டார். சீசன் கலாஸ், முடிந்தது.

அப்படியானால் நீ எதைச் சாப்பிடுகிறாய் என்று வசீகரன் இந்தியில் கேட்டதற்கு, யஹ்யா பின்கதவைக் காட்டினான். அங்கே ஹோட்டலின் ஏசி மெக்கானிக் ஞானையா, கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குத் தரக்கூடிய சாப்பாடு இல்ல சார். அரிசி தீந்துபோச்சு, ஸ்டோர்ல மக்ரோனிதான் கெடக்கு. காலையில கரையில நல்ல சாளை கெடச்சுது, கறி வச்சேன். தொண்டையில எறங்குமா?"

"இத்தாலியில பாத்தியள் எண்டால்..." என்று தொடங்கிய வசீகரன், கஜந்தினியின் பார்வை பட்டதும் நிறுத்தினான். "போடுங்கோ அண்ணை."

அரைத்த தேங்காய், மிளகாய், புளிக்குப் பதில் ஓமானியர் காயவைக்கும் கறுத்த எலுமிச்சை. குழல் மக்ரோனி ஒவ்வொன்றும் வயிறு முட்டக் கறியைக் குடித்துவிட்டுக் கிடந்தது. படம் எடுக்கப் போனை நீட்டியவன், சும்மா ஒரு வாய் வைத்துப் பார்த்தான். குழல் உடைந்தது. முதலில் உறைப்பு. அதன் பின்னால், எங்கோ ஆழத்திலிருந்து எழுந்து வருவதுபோல, அந்தக் கறுத்த புளிப்பு. சாளை முள்ளை விட்டுத் தானாகக் கழன்றது. போனை மேசையில் வைத்துவிட்டான்.

எதைப் பற்றியும் கருத்துச் சொல்லக்கூடிய வசீகரனுக்கு ஒரு சொல் வரவில்லை. கண் கலங்கியதற்கு உறைப்புத்தான் காரணம் என்று சொல்லலாம், அவனே நம்பமாட்டான். கோயிலில்கூட வாசலில் விட்ட செருப்பையே நினைத்து நிற்பவன், அன்றைக்குத்தான் எதையும் நினைக்காமல் இருந்தான். கஜந்தினியும் தலை நிமிரவில்லை. சுவரில் சாய்ந்தபடி யஹ்யா விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். திறந்த கதவுக்கு வெளியே கடல் வெள்ளையாக எரிந்தது.

போன் அடித்தது. வலது கை முழுக்கக் கறி. இடது கையால் ஸ்பீக்கரை அழுத்தினான். கடையில் கூட வேலை செய்யும் மதுசூதனன்.

"அண்ணை, இத்தாலிச் சாப்பாடு எப்பிடி?"

கஜந்தினியின் கை பாதி வழியில் நின்றது.

"இத்தாலி இல்லையடா. விசா தரேல்லை. சோஹாரில நிக்கிறன். ஆனா இந்தச் சாப்பாடு இருக்கே..."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. கடை முழுவதும் சேர்ந்து சிரித்தது. வசீகரன் அதைக் கேட்டபடியே அடுத்த வாயை வைத்தான்.

கஜந்தினி தன் தட்டிலிருந்த பெரிய சாளையைத் தூக்கி அவன் தட்டில் வைத்தாள்.

"கதைச்சது காணும்," என்றாள். "ஆறமுதல் சாப்பிடுங்கோ."