நீலத் திரை விட்டுச்சென்ற ஃபைல்

கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. காலையிலிருந்து யுவராணியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பட்டறை அது. லேசர் மிஷினை ஓட்டுவது அவள். மிஷினுக்கு வேலை சொல்லும் கம்ப்யூட்டர் இன்றும் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டது. பாதி வெட்டிய தகடு பாழ்.

"நாலாவது தபா!" ஆட்கள் எல்லார் எதிரிலும் கத்தினார் முதலாளி ஜானகிராமன். "அதுல செல்லு சார்ஜ் போட்டுப் போட்டு வைரஸ் ஏத்தி வெச்சிக்கீற. சர்வீஸ் ஆளு வந்து பாக்கட்டும், அத்தோட நீ ஊட்டுக்குக் கெளம்பு."

"நான் அதுல செல்லு சொருகறதே இல்ல சார்."

"பின்ன பேயா வந்து சொருகுது?"

யாரோ சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் ஹேமநாதன் அதற்குள், நெட்டிலிருந்து தான் இறக்கிப் போட்டிருந்த கிளீனர் புரோகிராமை ஓடவிட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அதுதான் அவர் வைத்தியம். .dmp என்று முடியும் ஃபைல்கள் அவருக்குக் குப்பை. கிளிக் செய்து திறக்காதது எதுவுமே குப்பைதான்.

பூந்தமல்லியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் சர்ஃபராஸ், நேராக விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய்த் தேடினான். காலி.

"இன்னா அண்ணாத்தே, தொடச்சி வுட்டியா? சிஸ்டம் சாவுறப்ப, எதனால செத்தேன்னு எழுதி வெச்சிட்டுப் போற ஃபைலு அது. இப்ப நான் இன்னா, ஜோசியமா பாக்கறது?"

"எடம் பத்தல பா," என்றார் ஹேமநாதன்.

"அப்ப பேச்சே இல்ல," என்றார் ஜானகிராமன். "யுவராணி, பையை எடு."

அவள் நகரவில்லை. "அண்ணே, கஸ்டமர் டிராயிங் ஃபோல்டரத் தொறங்க. கடைசில கீற ஃபைலு."

சர்ஃபராஸ் கிளிக் செய்தான். வரைபடம் வரவில்லை. ஃபைல் கெட்டுப்போனது என்றது திரை.

"இன்னாமா, கத வுடறியா?" என்றார் ஜானகிராமன்.

"அது டிராயிங் இல்ல சார். அந்த ஃபைல அழிக்க வுடாதன்னு இந்த அண்ணன் போன தபாவே போன்ல சொன்னாரு. காலைல சிஸ்டம் எழுந்ததும், சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள ஒரு காப்பி எடுத்து, பேரோட கடைசி எழுத்த டிராயிங் மாதிரி .dxf-னு மாத்திட்டேன். இங்க டிராயிங்க மட்டும் ஒருத்தரும் அழிக்க மாட்டாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா இதுவும் போயிருக்கும்."

ஹேமநாதன் மவுஸை நோக்கிக் கை நீட்டினார். சர்ஃபராஸ் தட்டிவிட்டான்.

"பேர மாத்துனா உள்ள கீறது மாறாது," என்றபடி மறுபடி .dmp ஆக்கி, தன் லேப்டாப்பில் திறந்தான். வெள்ளைத் திரையில் வரிகள் ஓடின. செல்போன் என்று வந்தால் இந்த மாதச் சோறு போச்சு. யுவராணி மிஷினின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வரிகள் நின்றன. கடைசியில் .sys என்று முடியும் ஒரு பெயர். சர்ஃபராஸ் அதைத் தேடிப் பார்த்தான். கிளீனரைப் போட்ட தேதியையும் பார்த்தான்.

"செல்லும் இல்ல, வைரசும் இல்ல. இந்தக் கிளீனரு உள்ள எறக்கின டிரைவர் புரோகிராம்தான் சிஸ்டத்தக் கவுக்குது. இத்தப் போட்டப்புறம்தான் மொத தபாவே படுத்துக்கீது."

கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "நல்லாத்தான் கிளீன் பண்ணிக்கீறாரு!"

சர்ஃபராஸ் கிளீனரைக் கழற்றி எறிந்தான். ஜானகிராமன் வாசல் பக்கம் பார்த்தார்.

"சரி சரி, மிஷின ஓட்டு. ஆர்டர் நிக்குது."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யுவராணி புதுத் தகட்டை ஏற்றினாள்.

எல்லார் எதிரிலும் திட்டியதற்கு எல்லார் எதிரிலும் கேட்கவேண்டிய ஒரு மன்னிப்பு, ஜானகிராமன் யுவராணிக்குப் பாக்கி.