மிங்குன் கோபுரத்தின் மேற்குப் பக்கம்

1

இந்தக் கதை, சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. மாண்டலேயில் எங்கள் தெருத் தையற்காரி மா யுஸனா. ஐராவதி ஆற்றின் அக்கரையில், மிங்குனில், கட்டி முடிக்காமல் விட்ட புத்தர் கோபுரத்துக்கு கோ ஸோ லினுடன் போய்வந்ததைச் சொன்னாள். அவருக்குக் கண் தெரியாது. மசாஜ் நிலையத்தில் வேலை. 'கல்யாணம் பண்ணிக்கலாமா' என்று அவர் கேட்டு ஒரு மாதமாகியும் அவள் அதுவரை பதில் சொல்லியிருக்கவில்லை.

2

முதல் ஆரம்பம்: 'இருளில் வாழும் ஒருவனின் கைபிடித்து அவள்...' (அடித்துவிட்டேன். அவரைப் பரிதாபத்துக்காகக் கதைக்குள் கொண்டுவந்தால், யுஸனா என் சட்டையைக் குட்டையாகத் தைத்துவிடுவாள்.)

சரி, இப்படி. படகில் அவள் வாய் ஓயவில்லை. மணல்திட்டு, மீன்வலை, குளிக்கும் எருமைகள், எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆயுள் முழுக்க இப்படிச் சொல்லிக்கொண்டே இருக்க முடியுமா என்று அவள் அம்மா கேட்டிருந்தாள். கோபுரத்தின் முன்னால் நின்றபோது தொண்டை கட்டிவிட்டது. "செங்கல் மலை மாதிரி இருக்கு" என்றாள். அதற்குமேல் வரவில்லை. இவ்வளவுதானா நம் தெம்பு என்று பயந்துபோனாள்.

3

அவர் அவளை நிழலில் உட்காரச் சொல்லி, செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுவரைத் தொட்டபடியே நடந்து மூலையில் மறைந்தார்.

(இங்கே ஒரு பாம்பு வைக்கலாமா? வேண்டாம். காத்திருப்பதே அவளுக்குப் போதுமான பயம்.)

அவள் வாங்கிய பொரித்த சுரைக்காய் ஒரு தட்டு தீர்ந்தது. மறுமூலையில் அவர் வந்தார், தோள்வரை செங்கல் தூசியோடு.

"பின்பக்கம் பாத்தியா?"

"இல்லையே."

"ஒரு விரிசல்ல என் கை முழுசாப் போகுது. வெளியே கல்லு சுடுது, உள்ள ஜில்லுன்னு இருக்கு. ஒரு பல்லி விரல் மேல ஏறி ஓடிச்சு. வா, காட்டறேன்."

காட்டறேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். இந்தமுறை சொல்லிக்கொண்டே வந்தது அவர்.

4

முடிவு என்னிடம் இல்லை. மேற்குப் பக்கத்து விரிசலருகே அவள் பதில் சொன்னாளாம். என்ன பதில் என்று கேட்டேன்.

"அது உங்க கதைக்கு இல்ல சார். கையைத் தூக்குங்க."

தூக்கினேன். அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் தெரியும்: அவர் அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டதில், திரும்பும் படகு போய்விட்டது.